குட்டி ஹெலிகாப்டர் வாங்கலாமா?

உண்டியல் காசில் ரிமோட் ஹெலிகாப்டர் வாங்க ஆசையா, தம்பி தங்கைகளே? தாராளமாக வாங்கலாம். ஆனால், கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கிவிடாதீர்கள்.

வீட்டுக்குள் பறக்கும் மலிவான ஹெலிகாப்டர்களில் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள் இருக்கும். ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். ஏன் தெரியுமா? விசிறி ஒரு பக்கம் சுற்றும்போது உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். நியூட்டனின் மூன்றாம் விதி பொம்மையையும் விடாது! இரண்டும் எதிரெதிராகச் சுற்றினால் உடல் சுழலாது. ஆனால், அவற்றின் வேகம் துளி மாறினாலும் பொம்மை பம்பரமாகிவிடும். அதை உடனே உணர்ந்து சரிசெய்ய உதவுவது 'கைரோ'. அட்டைப்பெட்டியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

'மூன்று சேனல்' என்றும் இருக்க வேண்டும். ஏறி இறங்க ஒன்று, இடம் வலம் திரும்ப ஒன்று, முன்னும் பின்னும் போக ஒன்று. ஒரு சாண் நீளமே உள்ள சைமா எஸ்107 ரகத்தில் கைரோவும் உண்டு, மூன்று சேனலும் உண்டு.

இவற்றில் பல, டிவி ரிமோட் போல அகச்சிவப்புக் கதிரில் இயங்குபவை. வெயிலிலும் அந்தக் கதிர் இருப்பதால் மொட்டை மாடியில் ரிமோட் சொன்னபடி கேட்காது. வீட்டுக்குள்ளும் மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். வேர்க்கும்தான்! முக்கால் மணி நேரம் சார்ஜ் செய்தால் ஏழெட்டு நிமிடம் பறக்கும். பெரியவர்கள் அருகில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். பேட்டரி உப்பினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது.

பணம் கொடுக்குமுன், உதிரி இறக்கை தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முதல் நாளே சுவரில் மோதும்.