கல்வராயன் மலைப் பெண்ணுக்குச் சட்டமன்றம் ஏன் தூரம்?

கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அரசு அதை எடுத்துக்கொண்ட பிறகும் மக்களுக்கு ஓட்டு கிடைக்க இருபது ஆண்டு ஆயிற்று. 1996-இல்தான் வாக்குரிமை வந்தது என்பதை, கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் 2024-இல் தானாக முன்வந்து வழக்கை எடுத்த சென்னை உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அதே 1996-இல்தான் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கித் தமிழகம் உள்ளாட்சித் தேர்தல் நடத்தியது. 2016-இல் அது பாதியாக உயர்ந்தது. மலையின் ஒரு பக்கம் அடங்கிய புதிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் முதல் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் முடிந்தது. இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண் ஊராட்சித் தலைவராவது இன்று செய்தியே அல்ல. அதற்கு மேல் அவர் ஏறாததுதான் செய்தியாக வேண்டும்.

படிப்பில்லை, அதிகாரம் கணவர் கையில் என்பார்கள். அது பல ஊர்களில் உண்மைதான். ஆனால் சமவெளியிலும் அதே கணவர்கள் இருக்கிறார்களே! தொகுதி வரைபடத்தைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு உள்ளவை ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டே. மலையின் சேலம் பக்கத்துக் கருமந்துறை ஏற்காட்டில் வருகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து வெள்ளிமலையோ சங்கராபுரம் பொதுத் தொகுதியில், சமவெளி ஓட்டுகளுக்கு நடுவே கரைந்துவிடுகிறது. ஒதுக்கீடு என்ன செய்யும் என்பதை ஏற்காடு காட்டும். அங்கே எம்.எல்.ஏ. பெருமாள் இறந்தபின், 2013 டிசம்பர் இடைத்தேர்தலில் அவர் மனைவி பெ. சரோஜா அ.தி.மு.க. சார்பில் 78,116 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அனுதாப ஓட்டு, ஆளுங்கட்சி பலம் என்று தள்ளிவிடலாம். ஒதுக்கீடு இல்லையென்றால் அனுதாபம் தேடக்கூட ஒரு பழங்குடிக் குடும்பம் அந்த இடத்தில் இருந்திருக்காது. ஆனாலும் 2016-இல் கட்சி வேறொருவரை நிறுத்தியது. ஒதுக்கீடு உள்ளே நுழையவிடும். அங்கே நிலைக்கவிடுவது கட்சி.

கட்சி நிலைக்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமீபியாவைப் பாருங்கள். அங்கே கட்சிப் பட்டியல்படி நாடாளுமன்ற இடங்கள் பகிரப்படுகின்றன. 1990-இல் நாடாளுமன்றம் நுழைந்த நெடும்போ நந்தி நதைத்வா, அமைச்சராகவும் துணை அதிபராகவும் இடைவிடாமல் வளர்ந்து 2025 மார்ச்சில் 72 வயதில் அதிபரானார். பட்டியல் முறை உறுப்பினரைத் தலைமைக்கு அடிமையாக்கும் என்ற குறை நியாயமானது. ஆனால் சீட்டுக்குத் தலைமையை அண்டியிருப்பது நம் ஊரிலும் உண்டு. அதற்கு ஈடாக அங்கே கிடைக்கும் தொடர்ச்சி மட்டும் இங்கே கிடைப்பதில்லை. உள்ளாட்சியிலோ சுழற்சி முறை வேறு: தலைவர் தொழில் கற்று முடிக்கையில் அவர் ஊராட்சி வேறு பிரிவுக்குப் போய்விடலாம்.

2023-இல் நிறைவேறிய 106-வது அரசியல் சட்டத் திருத்தம் பழங்குடித் தொகுதிகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்கிறது. இரண்டு தொகுதியில் மூன்றில் ஒரு பங்கு எத்தனை? ஒன்று கிடைத்து, அது ஏற்காடாகவே அமைந்தாலும், அதுவும் சுழலும். வெள்ளிமலைப் பெண் அங்கே போட்டியிடச் சட்டத்தில் தடையில்லை. வெளியூர்க்காரருக்கு எதற்குச் சீட்டு என்று கேட்கப்போவது கட்சிதான்.