கோடை முகாமும் குழந்தைகள் உடல்நலமும்

பள்ளி மணியின் ஓசைக்கு ஆண்டு முழுதும் கட்டுப்பட்டு நடந்த பிள்ளைகட்குக் கோடை விடுமுறை ஒரு பெரும்பேறு ஆகும். அது களைப்பை நீக்கும். உள்ளத்திற்கு ஊக்கம் அளிக்கும். ஆயினும், அந்நாட்களிலேயே பிள்ளைகள் சிலருடைய உடல் அளவின்றிப் பருப்பதும், வேறு சிலருடைய உடல் மெலிவதும் உண்டு. ஓய்வு தரும் நாட்கள் உடலுக்குத் தீங்கு பயப்பது எங்ஙனம்? அதனைத் தடுக்கும் வழி யாது? இவற்றை ஆராய்தல் நலம்.

திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூருக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் வேடசந்தூர். சோளமும் கம்பும் நிலக்கடலையும் முருங்கையும் விளையும் வறண்ட சமவெளி அது. ஊரைச் சுற்றி நூற்பாலைகள் பல உள்ளன. சித்திரைத் திங்களில் அங்கு வெயில் கடுமையாகக் காயும். தாய்தந்தையர் ஆலைக்கும் வயலுக்கும் சென்றபின் வீட்டில் தனித்திருக்கும் பிள்ளை யாது செய்யும்? வெப்பத்திற்கு அஞ்சி உள்ளேயே இருக்கும். கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் நோக்கிப் பொழுதைக் கழிக்கும். பசியாதபோதும் பொட்டலத் தின்பண்டங்களைக் கொறிக்கும். தாகத்திற்கு இனிப்புக் குளிர்பானத்தைப் பருகும். நள்ளிரவில் உறங்கி, ஞாயிறு உச்சியை நெருங்கும்போது எழும். உண்ட உணவின் ஆற்றல் ஆட்டத்திலும் ஓட்டத்திலும் செலவாகாவிடின், அது கொழுப்பாக மாறி உடலில் தங்கிவிடும்.

இஃது ஓர் ஊருக்கு மட்டும் உரிய நிலை அன்று. அமெரிக்க நாட்டில் இளஞ்சிறார் பலரின் உயரத்தையும் எடையையும் அளந்து செய்த ஆராய்ச்சி ஒன்று 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பள்ளி நடைபெறும் மாதங்களைக் காட்டிலும் கோடை விடுமுறையிலேயே சிறுவர் உடல் விரைந்து பருக்கிறது என்று அது காட்டியது. காரணம் யாதெனின், பள்ளி நாளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. குறித்த வேளையில் உணவு, குறித்த வேளையில் விளையாட்டு, மறுநாள் எழவேண்டும் என்பதனால் உரிய வேளையில் உறக்கம் ஆகியவை தாமே அமைகின்றன. விடுமுறையில் அவ்வொழுங்கு குலைகிறது. ஆகவே, தீங்கு செய்வது ஓய்வு அன்று. ஒழுங்கின்மையே என்பது தெளிவு.

ஏழைப் பிள்ளைகட்கு விடுமுறை வேறொரு வகையில் துன்பம் தருகிறது. 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பரவத் தொடங்கிய பகலுணவும், 1982ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவும், 2022ஆம் ஆண்டில் தொடங்கிய காலை உணவும் பள்ளியை ஒட்டியே நடப்பவை. பள்ளி அடைக்கப்படும்போது அவ்வுணவும் நின்றுவிடுகிறது. இக்குறையை உணர்ந்தே, வறட்சியுற்ற பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவு அளித்தல் வேண்டும் என 2004ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2016 முதல் 2018 வரை நம் நாட்டில் நடைபெற்ற ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 19 அகவை வரையுள்ளோரில் நூற்றுக்கு 24 பேர் மெலிந்தவர். 5 பேர் மிகை எடையுடையவர். ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமரும் இருவருள் ஒருவர்க்கு உணவு போதாமையும், மற்றவர்க்கு உணவு முறை தவறுதலும் நோயாகின்றன.

இவ்விரு குறைகளையும் போக்கவல்ல ஒரு சாதனம் கோடை முகாம். இதன் வரலாறு சுவை பொருந்தியது. 1876ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டில் பியோன் என்னும் சமய குரு, சூரிக் நகரத்து ஏழைச் சிறார் 68 பேரை மலைப்புறத்து ஊர்களுக்கு அழைத்துச் சென்று, நல்ல காற்றும் உணவும் பெறச் செய்தார். 1919ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் எலிசபெத் கன் என்னும் பெண் மருத்துவர், ஊட்டமின்றி வாடிய பிள்ளைகட்காக நலமுகாம் அமைத்தார். மெலிந்த உடலுக்கு எடை கூட்டுவதே அந்நாளைய முகாம்களின் நோக்கம். இந்நாளிலோ மிகை எடையைத் தடுப்பதற்கும் முகாம்கள் நடைபெறுகின்றன. நோக்கம் மாறினும் முறை மாறவில்லை. நல்லுணவு, திறந்தவெளி ஆட்டம், போதிய உறக்கம், கூடி வாழ்தல் ஆகிய நான்குமே இருவகைப் பிள்ளைகட்கும் மருந்தாயின.

தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், மாவட்டந்தோறும் கோடைகாலப் பயிற்சி முகாம்களை நடத்துகிறது. தடகளம், கால்பந்து, கைப்பந்து, வளைகோல் முதலிய ஆட்டங்களில் சிறார் பயிற்சி பெறுகின்றனர். 5 முதல் 17 அகவை வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு விரைந்து வாங்கும்படி உடலை இயக்குதல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. முகாமில் அவ்வளவு விளையாட்டாகவே நிறைவேறிவிடும்.

எடையைப் பற்றி ஒன்று தெளிதல் வேண்டும். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து உடல் நிறைக் குறியீட்டைக் கணக்கிடுவர். 36 கிலோ எடையும் 1.5 மீட்டர் உயரமும் உடைய சிறுவனுக்கு அது 16 ஆகும். அவ்வெண் தகுந்ததா என்பதைப் பிள்ளையின் அகவையும், ஆணா பெண்ணா என்பதும் நோக்கி மருத்துவரே உரைத்தல் வேண்டும். வளரும் பிள்ளை பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயலலாகாது. எடை மிகாமல் நிற்க, உயரம் வளருமாயின், உடல் தானே செம்மையுறும். முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுக என்பதே திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் காட்டும் நெறி.

பருத்த பிள்ளையை ஏளனம் செய்தல் பெருந்தீங்காகும். பட்டப்பெயர் கேட்ட பிள்ளை ஆடுகளத்தை விட்டு அகன்று அறையின் மூலையை நாடும். தனிமையில் இன்னும் மிகுதியாகத் தின்னும். அவ்வாறே மெலிந்தவனை வலியற்றவன் என ஒதுக்குதலும் தவறு. கடைசியாக ஓடி வருபவனுக்கும் கைதட்டும் முகாமே நல்ல முகாம். உடலோடு உள்ளமும் தழைக்கும் இடம் அதுவே.

மாவட்டத் தலைநகருக்குச் சென்று பயிலும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது. அதனால் கவலையுற வேண்டுவதில்லை. ஒழுங்கே முகாமின் உயிர். அவ்வொழுங்கை வேடசந்தூரின் ஒரு தெருவிலும் அமைத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் சடுகுடு ஆடலாம். காலையில் கம்பங்கூழும் மோரும் பருகலாம். உச்சிவேளையில் வேப்பமர நிழலில் பல்லாங்குழி ஆடலாம், நூல் படிக்கலாம். நண்பகல் உணவில் முருங்கைக்கீரையும் பருப்பும் சேரலாம். குளிர்பானத்திற்கு மாறாக நுங்கும் இளநீரும், தின்பண்டத்திற்கு மாறாக வேகவைத்த நிலக்கடலையும் கொள்ளலாம். மாலையில் கிட்டிப்புள், பச்சைக்குதிரை, பாண்டி ஆகியவை உண்டு. பெரியோர் உடன் இருப்பின் கிணற்றில் நீந்தவும் பழகலாம். 6 முதல் 12 அகவை வரையுள்ள பிள்ளைக்கு 9 மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் தேவை. ஆதலின் இரவில் உரிய நேரத்தில் துயில வேண்டும். தெருவில் மூத்தோர் ஒருவர் பொறுப்பேற்று, உணவு குறைந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு வேளை உணவு கிடைக்கச் செய்வாராயின், அதனினும் சிறந்த முகாம் இல்லை.

விடுமுறை என்பது பாடத்திற்கே அன்றி நல்லொழுக்கத்திற்கு அன்று. இதனை உணர்ந்து, கோடைநாட்களை ஆடியும் அளவோடு உண்டும் கூடி மகிழ்ந்தும் கழிக்கும் மாணாக்கர், பள்ளி திறக்கும் நாளில் நல்லுடலும் தெளிந்த உள்ளமும் உடையவராய் வகுப்பினுள் நுழைவர்.