லேசர் அளக்கும் காடு

இண்டூரைத் தாண்டி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகையில் வரும் காட்டில் எவ்வளவு கரிமம் இருக்கிறது? ஒரு மரத்தையும் வெட்டாமல் கணக்கிடலாம். 2018 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன நாசாவின் ‘ஜெடி’ கருவி, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து லேசர் ஒளியை அனுப்புகிறது. உச்சிக்கிளையில் பட்ட ஒளி முதலில் திரும்பும். இலை இடுக்கில் நுழைந்தது மண்ணைத் தொட்டுப் பிந்தி வரும். அந்த இடைவெளிதான் மரத்தின் உயரம். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு தாமதம் என்றால் 15 சென்டிமீட்டர்! உயரத்தை வைத்து எடையை மதிப்பிடலாம்; காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். ஆனால் கட்டை எவ்வளவு கனம் என்று லேசருக்குத் தெரியாது. அதற்கு ஆட்கள் காட்டுக்குள் நடந்து, 1.37 மீட்டர் உயரத்தில் டேப் பிடித்துச் சுற்றளவு எடுத்தே ஆக வேண்டும். கோடையில் இலையுதிர்த்து, லேசருக்கு உச்சி சரியாகப் பிடிபடாமல் நிற்கும் நம் காடுகளுக்கு அந்த நடை கூடுதல் அவசியம்.