பொன்னியின் செல்வனைத் தேடி

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 2022-இல் திரைப்படமாய் வெளிவந்தது. கதை சோழநாட்டினது, ஆயின் காட்சிகள் பல மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவிலும் மகேசுவரத்திலும் எடுக்கப்பெற்றன. காவிரிக்கரையினராகிய நமக்கு இஃது ஏக்கந் தருவதன்றோ?

காரணம் அறிய உறையூர் சென்றோம். சோழரின் பண்டைத் தலைநகராகிய ஆங்கு அரண்மனைச் சுவர் ஒன்றேனும் நிற்கவில்லை. ஓர்ச்சாவிலோ புந்தேல மன்னரின் மாளிகைகள் இன்றும் நிற்கின்றன. படம்பிடிப்போர் வடக்கே சென்றதில் வியப்பில்லை.

பின்னர்க் காவிரிப் பாலங் கடந்து திருவரங்கத்து மதில்களை அடைந்தோம். கதைத்தலைவனாம் அருள்மொழிவர்மனின் பாட்டனாருக்குத் தந்தை முதற் பராந்தகன். அவன் காலத்துக் கல்வெட்டு அக்கோயிலில் உளது. சோழர் தாம் வாழச் செங்கல்லால் எழுப்பியவை மண்ணாயின. இறைவனுக்கெனக் கல்லிற் செய்தவை நிலைத்தன. இவ்வுண்மையைக் கற்க நாம் வடக்கே செல்லவேண்டுவதில்லை.