கூலன்ட் குறைந்தால், ஊற்றும் முன் ஒரு கேள்வி

காரில் சில பொருள்கள் ஓட ஓடத் தீரும். பெட்ரோல் எரியும், பிரேக் கட்டை தேயும், கண்ணாடி கழுவும் தண்ணீர் காலியாகும். இன்ஜின் ஆயில்கூடக் கொஞ்சம் எரிந்து குறையும். கூலன்ட் இந்த வரிசையில் சேராது. மூடிய குழாய்களுக்குள் அதே திரவம்தான் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. நீண்ட நாளில் ஒரு விரல் அளவு ஆவியாகிக் குறையலாம். மாதாமாதம் குறைகிறது என்றால் அது எங்கோ வெளியேறுகிறது.

பெரும்பாலோர் இதை அப்படிப் பார்ப்பதில்லை. பானெட்டைத் திறக்கிறோம், டேங்கில் அளவு கீழ்க்கோட்டைத் தொட்டிருக்கிறது, பாட்டில் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறோம், கிளம்புகிறோம். அடுத்த வாரமும் அதே கதை. அப்படி நிரப்பும் ஒவ்வொரு முறையும், வண்டி நமக்குக் காட்டிய ஒரே அடையாளத்தை நாமே அழித்துவிடுகிறோம். சில நூறு ரூபாய் ரப்பர் ஹோஸில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினையே இறக்கும் வேலையாக வளர்வது இப்படித்தான். ஆகவே ஊற்றும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போன கூலன்ட் எங்கே போனது?

சூட்டைச் சுமக்கும் திரவம்

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்ட உதவுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடான புகையாகப் போகிறது. மீதியில் பெரும்பகுதியைச் சுமந்து வெளியேற்றுவது கூலன்ட்டின் வேலை. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதைச் சுற்றியிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். இரண்டுக்கும் நடுவில் காவல் நிற்பது ஓடிக்கொண்டிருக்கும் சில லிட்டர் திரவம் மட்டுமே.

வாட்டர் பம்ப் அதை இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சுமார் 85 முதல் 90 டிகிரியில் தெர்மோஸ்டாட் வால்வு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடுகிறது. அங்கே காற்றுப்பட்டு ஆறித் திரும்புகிறது. இதில் நம் கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் பாகம் கூலன்ட் ஊற்றும் வாயின் மூடி. ஆனால் அந்த மூடிதான் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. பிரஷர் குக்கரைப் போலவே, அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு சேர்ந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் அந்த எல்லை இன்னும் மேலே போகும்.

அதனால் கசிவு இரண்டு விதத்தில் கெடுக்கிறது. திரவம் குறைவது ஒன்று. அழுத்தம் நிற்காமல் போவது இன்னொன்று. குக்கரின் வளையம் தளர்ந்தால் விசில் வராததுபோல, சிறு ஓட்டை இருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறாது. 110 டிகிரியில் அமைதியாக ஓட வேண்டிய திரவம் அதற்கு முன்பே கொதித்துவிடும்.

ஒரு முடி அளவு வளைவு

கொதிக்கும்போது நீராவிக் குமிழ்கள் உலோகத்தை ஒட்டித் தங்குகின்றன. திரவம் சுமப்பதுபோல் நீராவியால் சூட்டைச் சுமக்க முடியாது. முதலில் அடிபடுவது சிலிண்டர் ஹெட், குறிப்பாகப் புகை வெளியேறும் வால்வுகளைச் சுற்றிய பகுதி.

ஹெட் பெரும்பாலும் அலுமினியம். அது போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. சூட்டில் விரிய நினைக்கும், போல்ட் விடாது. விரிய இடமில்லாத உலோகம் நசுங்குகிறது, ஆறும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. கீழே இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும், ஏனென்றால் ஒரே சூட்டில் அலுமினியம் அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ‘ஹெட் வளைஞ்சிருச்சு’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். பல இன்ஜின்களில் அனுமதிக்கப்பட்ட வளைவு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான். ஒரு தலைமுடியின் பருமன் அவ்வளவு இருக்கும்.

அந்த முடியளவு இடைவெளி போதும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும். பிறகு ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். எரியும் வாயு கூலன்ட் பாதைக்குள் புகுந்து மிச்சமிருக்கும் திரவத்தையும் வெளியே தள்ளும். கூலன்ட் ஆயிலில் கலந்தால் ஆயில் வழுவழுப்பை இழந்து, கிராங்கின் பேரிங்குகள் தேயும். இரவில் சிலிண்டருக்குள் கூலன்ட் சொட்டித் தேங்கினால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் அந்தத் திரவத்தை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். ஆரம்பம் ஒரு கிளிப் தளர்ந்ததாக இருக்கலாம். முடிவு இன்ஜின் சீஸ்.

முள் நடுவில் நின்றாலும்

‘டெம்பரேச்சர் முள் நடுவில்தானே இருந்தது’ என்பது ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் ஆதங்கம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. சூட்டை அளக்கும் சென்சார், திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் திரவத்தின் சூட்டைச் சரியாகச் சொல்லும். திரவமே வடிந்து அது காற்றில் தொங்கினால், ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதும் குறைவான அளவைக் காட்டக்கூடும். போதாததற்கு, பல கார்களில் ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் முள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். சில கார்களில் முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஃபோர்டு நிறுவனத்தின் ஒரு திரும்பப்பெறல் காட்டுகிறது. 2017 மார்ச்சில், 1.6 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இன்ஜின் பொருத்திய கார்களை வட அமெரிக்காவில் அது திரும்ப அழைத்தது. எஸ்கேப், ஃபியூஷன், ஃபியஸ்டா எஸ்டி, டிரான்சிட் கனெக்ட் என நான்கு மாடல்கள், அமெரிக்காவில் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். கூலன்ட் போதிய அளவு சுற்றாமல் சிலிண்டர் ஹெட் ஓரிடத்தில் மட்டும் சூடேறி விரிசல் விட்டு, அதன் வழியே அழுத்தத்துடன் ஆயில் கசிந்து, சூடான பாகத்தில் பட்டுத் தீப்பிடிக்கலாம் என்பதே காரணம். 29 தீப்பிடித்த நிகழ்வுகள் அப்போது பதிவாகியிருந்தன. தீர்வாக அந்தக் கார்களில் சேர்க்கப்பட்டது, கூலன்ட் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ஒரு லெவல் சென்சார். சூட்டை மட்டும் பார்த்தால் போதாது, அளவையும் பார்க்க வேண்டும் என்பதை அந்த நிறுவனமே ஏற்றுக்கொண்ட இடம் அது. உங்கள் காரில் அந்த சென்சார் இல்லையென்றால், அந்த வேலையை உங்கள் கண்தான் செய்ய வேண்டும்.

எங்கே கசிகிறது?

முதலில் வெளிக்கசிவு. வண்டிக்கடியில் ஈரம் கண்டால் பதற வேண்டாம். ஏசி தண்ணீரும் அங்கேதான் சொட்டும். அது நிறமில்லாத, மணமில்லாத வெறும் தண்ணீர். கூலன்ட்டில் பச்சை, சிவப்பு, நீலம் என ஏதோ ஒரு நிறம் இருக்கும். விரலில் தேய்த்தால் வழுக்கும், லேசாக இனிப்பு வாசம் வரும். வண்டியின் கீழ் ஓர் அட்டையை விரித்து இரவு விட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் சொட்டுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள்: ஹோஸ் முனைகளும் கிளிப்புகளும், ரேடியேட்டரின் இருபக்கப் பிளாஸ்டிக் தொட்டிகள், வாட்டர் பம்ப், டேங்க், அதன் மூடி. சொட்டு சூடான பாகத்தில் விழுந்து ஆவியானால் தரையில் எதுவும் இருக்காது. உப்புப் பூத்ததுபோல வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு படிவு மட்டும் இருக்கும். காருக்குள் முன் மிதியடி ஈரமாகி, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படிந்தால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் கசிகிறது.

அடுத்தது உள்கசிவு. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது, அளவு மட்டும் குறையும். சூடான இன்ஜினிலும் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஆயில் பால் கலந்த காபி நிறமாவது, டேங்கில் விடாமல் குமிழி எழுவது, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்போல இறுகுவது ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள்.

சூடாவது எப்போது என்பதும் துப்புத் தரும். சென்னை நெரிசலில் சூடேறி, நெடுஞ்சாலையில் ஆறிவிட்டால் ஃபேனைப் பாருங்கள். சமவெளியில் சரியாக ஓடி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்போ, பம்ப்போ, கேஸ்கட்டோ காரணமாக இருக்கலாம்.

ஒர்க்‌ஷாப்பில் ‘பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள்’ என்று கேட்டுப் பெறுங்கள். மூடியின் இடத்தில் சிறு கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றிவிட்டுப் பார்ப்பார்கள். பம்பின் முள் இறங்கினால் கசிவு உறுதி. கேஸ்கட் மேல் சந்தேகம் இருந்தால், டேங்கில் எழும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இந்தச் சோதனைகள் முடியாமல் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

எதை ஊற்றுவது?

‘கூலன்ட் பனி பெய்யும் ஊருக்குத்தானே, நமக்குத் தண்ணீரே போதும்’ என்பது நம்மூரில் பரவலான நம்பிக்கை. உறையாமல் காப்பது அதன் ஒரு குணம் மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும், உள்ளே துரு பிடிக்காமல் பார்ப்பதும் வெயில் ஊருக்குத்தான் அதிகம் தேவை. போர்வெல் தண்ணீரை ஊற்றினால், வீட்டுப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். கலக்க வேண்டியது டிஸ்டில்டு வாட்டர். கலந்தே வரும் கூலன்ட் என்றால் அதுவும் வேண்டாம்.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. காரின் கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள். ஒத்துப்போகாத இரண்டு வகைகள் கலந்தால் துருத் தடுப்புச் சக்தி போய்விடும், சில சமயம் கூழ்போலத் திரண்டும் நிற்கும். மாற்ற வேண்டிய காலத்தையும் கையேடு சொல்லும். பழைய வகைகளுக்குச் சுமார் 2 வருடம், புதிய வகைகள் பலவற்றுக்கு 5 வருடம்.

சூடேறும் வண்டிக்கு ‘தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும்’ என்று சில ஷெட்களில் சொல்வார்கள். வேண்டாம். இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடும். உண்மையான கோளாறு அப்படியே ஒளிந்திருக்கும். ஓட்டையை அடைக்கும் திரவங்களும் அப்படித்தான். ஊர் வந்து சேர உதவலாம், ஆனால் ஓட்டையோடு சேர்த்து நல்ல குழாய்களையும் அடைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தை தொட்டு வாயில் வைத்துவிடும். சிந்தியதை உடனே கழுவுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.

வழியில் சூடேறினால்

முள் ஏறினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, ஏசி திடீரெனக் குளிர்ச்சியை நிறுத்தினாலோ (பல கார்கள் சூடேறும்போது கம்ப்ரசரைத் தாமே நிறுத்திவிடும்) இதைச் செய்யுங்கள்.

1. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திருகுங்கள். காருக்குள் புழுங்கும், ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதி வெளியேறும்.
2. முதல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ‘அடுத்த பெட்ரோல் பங்க் வரை’ என்ற நினைப்புதான் ஹெட்டை வளைக்கிறது.
3. மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருந்து, மேல் ஹோஸ் கைக்கு ஆறிய பிறகே, தடித்த துணி போட்டு மெல்லத் திறங்கள்.
4. கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். சூடான உலோகம் சட்டெனக் குளிர்ந்தால் விரிசல் விடும்.
5. ஆறிய பிறகு ஊற்றும் தண்ணீர் நிற்காமல் வடிந்தால் வண்டியைத் தூக்கிச் செல்ல ஆளைக் கூப்பிடுங்கள். டோ வண்டியின் வாடகை எவ்வளவு இருந்தாலும் இன்ஜின் வேலையைவிடக் குறைவுதான்.

பணம் யார் தருவது?

ஹோஸோ மூடியோ என்றால் சில நூறுகள். ஹெட் கேஸ்கட் என்றால் லேத்துக்கு அனுப்பி ஹெட்டைச் சமப்படுத்தும் கூலி, புதிய போல்ட்டுகள், ஆயில் எல்லாம் சேர்ந்து பல ஆயிரங்கள். இன்ஜின் மாற்றம் என்றால் பழைய காரின் மறுவிற்பனை விலையையே விழுங்கிவிடும். சாதாரண முழுக் காப்பீடு விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் சேராது. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு வாங்கியிருந்தாலும், சூடேறிக் கெட்டதற்கு அது பொருந்துமா என்று பத்திரத்தில் வரிவரியாகப் பாருங்கள். வாரன்டியில் இருக்கும் வண்டியும் சூடேறிய பின் தொடர்ந்து ஓட்டப்பட்டது என்று தெரிந்தால் கோரிக்கை மறுக்கப்படலாம். பல கார்களின் கம்ப்யூட்டர் கோளாறு பதிவாகும் நேரத்துச் சூட்டையும் குறித்து வைக்கிறது. கூலன்ட் குறைந்த தேதியையும் சர்வீஸில் சொன்னதையும் எழுத்தில் வைத்திருப்பது உங்களுக்குத் துணை நிற்கும்.

இவ்வளவுக்கும் தேவை வாரம் ஒரு நிமிடம். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து, டேங்கின் மேல் இன்றைய அளவுக்கு மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த வாரம் அளவு அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள்.

வண்டியை நீங்கள் மட்டும் ஓட்டுவதில்லை என்றால் இன்னொன்றும் செய்ய வேண்டும். முள் ஏறிய பிறகும் நிறுத்தாமல் ஓட்டும் பலர் அலட்சியத்தால் அப்படிச் செய்வதில்லை. தாமதமானால் முதலாளி திட்டுவார் என்று டிரைவர் பயப்படுகிறார். வண்டியைக் கெடுத்துவிட்டாய் என்று அப்பா சொல்வாரோ என்று பிள்ளை தயங்குகிறது. சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: ‘சிவப்பு விளக்கு எரிந்தால் எங்கே இருந்தாலும் ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணு. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நான் வருகிறேன்.’