வலியே கண்ணுக்குக் காவல்

நம் சங்கத்து ஆண்டு மலருக்குக் கல்வெட்டு, பழைய நூல், ஊர்ப்பெயர் என்று ஏதாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இம்முறை கண்ணைப் பற்றி எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். புனேயை அடுத்த போசரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வெல்டிங் ராடும் கிரைண்டிங் சக்கரமும் விற்கிற கடைக்காரன். பள்ளி இறுதியோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் என் அக்காவின் இடது கண் பார்வை போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த உறுத்தல்தான் என்னை இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க வைத்தது. தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

அக்காவுக்கு வந்த அக்கி

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அக்காவுக்கு 2016-ஆம் ஆண்டு இடது நெற்றியில் கொப்புளம் கிளம்பியது. தலைமுடிக்குள்ளிருந்து புருவம் வரை, பிறகு மூக்கு நுனியிலும் இரண்டு மூன்று. தாங்க முடியாத எரிச்சல். ஊரில் எல்லாரும் "அக்கி" என்றார்கள். குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொண்டார். மூன்று வாரத்தில் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்துப் போனில் பேசினார். "தம்பி, இந்தக் கண்ணு மட்டும் செவந்தே கெடக்குது, கொஞ்சம் மங்கலாவும் இருக்குது. ஆனா வலியே இல்லப்பா, ஒரு உறுத்தல்கூட இல்ல."

நான் சொன்ன பதில் இன்றும் என் காதில் கேட்கிறது: "வலி இல்லேன்னா விடுக்கா, தானா சரியாயிடும்."

மேலும் ஒரு மாதம் போயிற்று. உறவினர் கல்யாணத்துக்கு அவர் புனே வந்தபோது கண்ணைப் பார்த்துப் பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். டாக்டர் விளக்குப் போடுவதற்கு முன், மருந்து விடுவதற்கும் முன், பஞ்சிலிருந்து ஒரு மெல்லிய இழையை முறுக்கி எடுத்து வலது கண்ணின் கருவிழி ஓரத்தில் தொட்டார். அக்கா திடுக்கிட்டு இமையை மூடினார். அதே இழையால் இடது கண்ணைத் தொட்டார். அக்கா என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். தொட்டதே அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கண்ணின் நடுவில் நீள்வட்டமாக ஒரு புண் இருந்தது.

கண்ணாடிப் படலம்

கருவிழிக்கு முன்னால் கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் கார்னியா என்பார்கள். குறுக்களவு 11, 12 மில்லிமீட்டர்; நடுவில் தடிமன் அரை மில்லிமீட்டர்தான். ஒளி உள்ளே போக வேண்டும் என்பதால் அதில் ரத்தக் குழாய் கிடையாது. ஆனால் நரம்பு மட்டும் ஏராளம். தோலைப் போல 300 முதல் 400 மடங்கு நெருக்கமாக நரம்பு முனைகள் அதில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். உடம்பில் எங்கே தூசி விழுந்தாலும் தெரியாத நமக்குக் கண்ணில் விழுந்தால் மட்டும் உயிர் போவது இதனால்தான்.

திகம்பரத் துறவியர் கையில் மயிற்பீலி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உட்காரும் இடத்திலுள்ள சிற்றுயிர்களை நோகாமல் விலக்குவதற்காக அது. பீலியின் மென்மைக்குத் துறவியர் ஒழுக்கம் கூறும் பழைய நூல்கள் காட்டும் அளவுகோல் என்ன தெரியுமா? கண்ணில் பட்டாலும் நோகாது என்பதே. மென்மையை அளக்கக் கண்ணைவிட நுட்பமான கருவி இல்லை என்று அந்தக் காலத்திலேயே கண்டிருக்கிறார்கள். டாக்டரின் பஞ்சிழையும் அதே கணக்குத்தான்.

நரம்பு செய்யும் மூன்று வேலை

மூளையிலிருந்து முகத்துக்கு வரும் ஐந்தாம் நரம்பு மூன்று கிளையாகப் பிரிகிறது. முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் போகிறது. கார்னியாவுக்கு உணர்வு தருவது இதுதான். இதன் வேலைகள் மூன்று.

ஒன்று, காவல். தூசியோ காற்றோ பட்டவுடன் செய்தி போய் இமை மூடுகிறது.

இரண்டு, நீர். கண் உலர்வதை உணர்ந்து கண்ணீரைச் சுரக்கச் சொல்கிறது.

மூன்றாவது பலருக்கும் தெரியாதது: ஊட்டம். கார்னியாவின் மேற்தோல் ஐந்தாறு அடுக்குச் செல்களால் ஆனது. ஏழு முதல் பத்து நாளில் அது தன்னையே புதுப்பித்துக்கொள்கிறது. இந்தப் புதுப்பிப்புக்கு வேண்டிய வேதிப்பொருள்களை நரம்பு முனைகள் கசியவிடுகின்றன. நரம்பு செத்தால் மேற்தோல் மெலிந்து, சின்னக் கீறல்கூட ஆறாமல் புண்ணாகிவிடும்.

பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா மாஜென்டி 1824-இல் விலங்குகளின் ஐந்தாம் நரம்பை அறுத்துப் பார்த்தார். சில நாளில் அவற்றின் கண் அழன்று புண்ணானது. உயிருள்ள விலங்குகளை அறுத்துச் செய்த அந்தச் சோதனைகளைப் படிக்கும்போது என் மனம் கூசுகிறது. ஆனால் உணர்வு போனால் கண் அழலும் என்ற உண்மை அப்படித்தான் வெளிவந்தது. இந்த நோயை இன்று நியூரோட்ரோபிக் கெராடைட்டிஸ் என்கிறார்கள். கெராடைட்டிஸ் என்றால் கார்னியா அழற்சி.

செக்குமாடு போல ஒரு வட்டம்

இதில் சிக்கல் என்னவென்றால், காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்துகின்றன. அழற்சியால் நரம்பு சாகிறது. நரம்பு செத்ததால் மறுபடி அழற்சி வருகிறது.

அக்கி இதற்கு முதல் உதாரணம். சிறுவயதில் சின்னம்மை போட்டதே, அதே வைரஸ் நரம்பு முடிச்சில் பல காலம் உறங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது எழுந்து, ஒரு நரம்பின் வழியே வெளிவருகிறது. மூக்கு நுனிக்கும் கண்ணுக்குள்ளும் ஒரே கிளை போவதால், மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணும் பாதிக்கப்படலாம் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜோனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் எச்சரித்தார். அக்காவின் மூக்கு நுனி எங்களுக்குச் செய்தி சொல்லியது, படிக்கத் தெரியவில்லை. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸுக்கு எதிரான மாத்திரை தொடங்கினால் நல்ல பலன் உண்டு. அக்கி எழுதுவதை நான் கேலி செய்யவில்லை. அது மனசுக்கு ஆறுதல். ஆனால் எழுதிக்கொண்டு வீட்டில் இருந்த அந்த மூன்று நாள் திரும்பி வராது.

வாயோரத்தில் புண் வருகிறதே, அதற்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸும் கண்ணில் திரும்பத் திரும்ப வந்து உணர்வை மழுக்கும். நெடுநாள் சர்க்கரை நோய் கால் நரம்பை மரக்கச் செய்வதுபோலக் கண் நரம்பையும் மரக்கச் செய்யும். தொழுநோயில் உணர்வும் போய், இமையும் மூடாமல் போவதுண்டு. மூளைக் கட்டி அறுவையிலும், முக நரம்பு வலிக்கான அறுவையிலும் ஐந்தாம் நரம்பு பாதிக்கப்படலாம்.

மரக்கும் மருந்து என்னும் ஜாதூ

1884-இல் வியன்னாவில் கார்ல் கோல்லர் என்ற இளம் மருத்துவர், கோகெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகும் என்று கண்டுபிடித்தார். கண் அறுவையின் வரலாறே மாறியது. ஆனால் அந்த மருந்து கார்னியாவின் மேற்தோலைக் கெடுப்பதும் பின்னர் தெரியவந்தது. இன்று வேறு சொட்டு மருந்துகள் உள்ளன. அவற்றையும் பரிசோதனைக்காக டாக்டர் தம் கையால் ஒன்றிரண்டு சொட்டு விடுவாரே தவிர, வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்.

என் கடைக்குப் பக்கத்துப் பட்டறையில் ஓர் இளைஞன். கிரைண்டிங் செய்யும்போது இரும்புத் துகள் கண்ணில் பாய்ந்தது. டாக்டர் சொட்டு விட்டுத் துகளை எடுத்தார். வலி நொடியில் போனதைக் கண்ட பையன் மருந்தின் பெயரைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே வாங்கிவிட்டான். "சேட்ஜி, இது ஜாதூ மருந்து" என்று என்னிடமே காட்டினான். ஒரு மணிக்கொருதரம் விட்டுக்கொண்டு பத்து நாள் வேலை செய்தான். அப்புறம் கருவிழியில் வெள்ளை வளையம் கட்டியது. அந்தக் கண்ணில் தழும்பு நிரந்தரமாகிவிட்டது.

அக்காவின் கண்ணில் வைரஸ் செய்ததை இவன் கண்ணில் சொட்டு மருந்து செய்தது. இமை கொட்டுவது குறைந்தது, நீர் குறைந்தது, ஆற வேண்டிய செல்கள் நகரவும் ஒட்டவும் முடியாமல் போயின. புதிதாக அடிபட்டாலும் தெரியவில்லை. மருந்து வேகம் தணிந்தால் முன்னைவிட அதிக வலி. அதற்காக மறுபடி மருந்து. வெல்டிங் வெளிச்சம் பட்டு ராத்திரியில் கண் எரிகிறவர்களும் இந்தச் சொட்டைக் கேட்டு அலைகிறார்கள். கண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் அந்த எரிச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே ஆறிவிடும்.

சிகிச்சை உண்டா?

உண்டு, பொறுமை வேண்டும். பதனப்பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர், கட்டுப்போல மூடும் காண்டாக்ட் லென்ஸ், நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த சீரச் சொட்டு, நஞ்சுக்கொடியின் சவ்வை வைத்து மூடுதல் என்று பல வழிகள் இருக்கின்றன. அக்காவுக்கு இமைகளின் ஓரத்தைப் பாதி சேர்த்துத் தைத்தார்கள். பார்க்க விகாரமாக இருந்தது. ஆனால் கண் பிழைத்தது. புண் ஆறித் தழும்பாகி, கைவிரலை எண்ணும் அளவுக்கே பார்வை மிஞ்சியது.

நரம்பை வளர்க்கும் புரதத்தைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மோந்தால்சினி, 1986-இல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அந்தப் புரதத்தையே சொட்டு மருந்தாக்கி 2017-இல் ஐரோப்பாவிலும் 2018-இல் அமெரிக்காவிலும் அனுமதித்தார்கள். நாளைக்கு 6 முறை, 8 வாரம் விட வேண்டும். விலையோ நம்மால் எட்டிப் பார்க்க முடியாதது. உணர்வுள்ள நெற்றிப் பக்கத்திலிருந்து நரம்பைக் கொண்டுவந்து மரத்த கண்ணோடு சேர்க்கும் அறுவையும் இப்போது செய்கிறார்கள்.

வீட்டில் நினைவில் கொள்ள

நெற்றியிலோ மூக்கிலோ ஒரு பக்கமாகக் கொப்புளம் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். ஆறிய பிறகும் பல மாதங்களுக்குக் கண்ணைக் காட்டிவர வேண்டும். 50 வயது கடந்தவர்களுக்கு அக்கித் தடுப்பூசி 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கிறது. உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

வெள்ளைவிழியில் திடீரென்று ரத்தத் திட்டு தோன்றி வலியின்றி மறைவது பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் ஒரு கண் சிவந்து, பார்வை மங்கி, உறுத்தலும் இல்லையென்றால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

பஞ்சுச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். கண் சொட்டு மருந்தை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் தொழிலாளிக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் ஆகாது.

முடிவாக ஒன்று. உயிர்களை அறிவின்படி வகுக்கும் தொல்காப்பிய மரபியல் முதல் அறிவாகத் தொடு உணர்வையே வைக்கிறது. கண் நான்காவதாகத்தான் வருகிறது. சமண நூல்களின் வரிசையும் இதுவே. இளமையில் இதை வெறும் பட்டியலாகப் படித்தேன். அக்கா சலனமின்றி என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்த அன்றுதான், நான்காம் அறிவு முதலாம் அறிவின் தோளில் நிற்கிறது என்று புரிந்தது. தூரத்து ஊரிலிருந்து உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது போனில் "கண்ணு செவந்திருக்கு, ஆனா வலி இல்ல" என்று சொன்னால், நான் சொன்ன பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.