கமகம் இல்லாத சோகம்

1963-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் 'பில்போர்டு' பத்திரிகை வாராவாரம் வெளியிடும் ஜனரஞ்சகப் பாடல்களின் வரிசையில், ஆங்கிலச் சொல் ஒன்றேனும் கலவாத ஒரு ஜப்பானியப் பாட்டு முதல் ஸ்தானத்தை அடைந்து, மூன்று வார காலம் அவ்விடத்தை விட்டு அசையாமல் நின்றது. பாடியவர் க்யூ சகமோட்டோ என்னும் இருபத்தொரு வயது இளைஞர். கண்ணீர் சிந்திவிடாதபடி முகத்தை நிமிர்த்திக்கொண்டு தனியாக நடந்து போகிற ஒருவனுடைய மனோநிலையே பாட்டின் விஷயம். ஆனால் விஷயம் இன்னதென்று அந்நாட்டு ரசிகர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. இசைத்தட்டு அங்கே 'சுகியாகி' என்ற மாட்டிறைச்சிப் பதார்த்தத்தின் பெயரோடு விற்பனையானதால், தலைப்பைக் கொண்டு ஊகிக்கவும் வழியில்லை. சாஹித்யம் புரியாமல், சந்தர்ப்பம் தெரியாமல், மெட்டு ஒன்றினாலேயே ஒரு பாட்டு மனிதர்களை வசப்படுத்துமானால், அந்த மெட்டில் என்னதான் இருக்கிறது என்று விசாரிப்பது நியாயமே. விசாரணைக்கு உதவும் முதல் செய்தி, மெட்டமைத்த ஹச்சிதாய் நாகமுரா ஒரு ஜாஸ் பியானோ வித்வான் என்பது.

பியானோ, வெளித்தோற்றத்திலே கம்பீரமான வாத்தியமாயினும், சுபாவத்தில் சில குறைகளை உடையது. அதன் 88 கட்டைகளில் எதை அழுத்தினாலும், கம்பளி போர்த்த சிறு சுத்தியொன்று உள்ளேயிருக்கும் தந்தியைத் தட்டிவிட்டு உடனே விலகிக்கொள்கிறது. பிறந்த கணத்திலிருந்தே ஸ்வரம் தேயத் தொடங்குகிறது. அதை வளர்க்கவோ, வளைக்கவோ, அசைக்கவோ வாசிப்பவரால் ஆகாது. கமகத்தையே ஜீவனாகக் கொண்ட தோடியையும் பைரவியையும் அதில் வாசித்தால் ஸ்வரங்கள் இருக்கும், ராகம் இராது. ஜப்பானிலும் இந்தக் கதிக்கு உள்ளாகும் பாட்டு வகை ஒன்று உண்டு. 'என்கா' என்று வழங்கும் அப்பழைய பாணிப் பாடல்களில், 'கொபுஷி' எனப்படும் குரலின் நடுக்கத்திலும் சுழிப்பிலும்தான் துயரமெல்லாம் தங்கியிருக்கிறது. பியானோவுக்கு மாற்றினால் அந்தத் துயரம் பாடகரோடு போய்விடுகிறது. ஆனால் பியானோவில் மனத்தை உருக்கும் நவீன ஜப்பானியப் பாட்டுக்களோ, குரலின் குழைவை நம்பாமல், வேறோர் இடத்தில் சோகத்தை வைத்துக் கட்டப்பட்டவை. அந்த இடம் எது என்பதைக் கண்டுகொண்டால் அவற்றின் ரகசியம் பாதி விளங்கிவிடும்.

இதற்கு ஜப்பானின் சங்கீதக் கல்வியைச் சற்றே நோக்க வேண்டும். மெய்ஜி சக்கரவர்த்தியின் காலத்தில் பள்ளிக்கூடங்களுக்குப் பாட்டுக் கற்பிக்க முற்பட்ட இஸாவா ஷூஜி என்னும் கல்வியாளர், 1880-இல் அமெரிக்காவிலிருந்து லூதர் வைட்டிங் மேசன் என்ற ஆசிரியரை வரவழைத்தார். மேனாட்டு மெட்டுக்களுக்கு ஜப்பானியச் சொற்களை இட்டுப் பாடப்புத்தகங்கள் எழுந்தன. ஸ்காத்லாந்து நாட்டு மெட்டொன்று பள்ளியை விட்டுப் பிரியும் மாணவர் பாடும் பாட்டாகி இன்றுவரை நிலைத்திருக்கிறது. மேனாட்டு ஏழு ஸ்வர வரிசையில் நான்காவதையும் ஏழாவதையும் நீக்கிய ஐந்து ஸ்வரங்களே ஜப்பானியச் செவிக்கு இதமாக இருந்தமையால், பள்ளிப் பாடல்களில் அவ்வரிசை வேரூன்றி, பின்னர் ஜனரஞ்சகப் பாட்டுக்கும் பரவியது. மத்யமமும் நிஷாதமும் இல்லாத அந்த ஐந்து ஸ்வரங்கள் நமக்கு அந்நியமல்ல. அவை மோகனத்தின் ஸ்வரங்களே. க்யூ சகமோட்டோவின் பாட்டும் பெரும்பாலும் அந்த ஐந்தைச் சுற்றியே சஞ்சரிக்கிறது.

இதே காலத்தில் வாத்தியமும் நாட்டில் பெருகியது. 1887-இல் ஹமமாட்சு நகரத்துப் பள்ளியொன்றில் பழுதான ஆர்மோனியம் போன்ற காற்றிசைப் பெட்டியைச் சீர்படுத்திக் கொடுத்த தொரகுசு யமஹா என்பவர், தாமே வாத்தியங்கள் செய்யத் தலைப்பட்டு, 1900-இல் பியானோவும் செய்துவிட்டார். 1954-இல் அவருடைய ஸ்தாபனம் குழந்தைகளுக்குச் சங்கீத வகுப்புகளையும் தொடங்கிற்று. ஆகவே, யுத்தத்திற்குப் பின் பிறந்த தலைமுறையில், பாட்டு இயற்ற விரும்பியவர்களில் பலருக்குப் பியானோவே கைப்பழக்கமாக வாய்த்ததில் ஆச்சரியமில்லை.

மோகனம் நம்மிடத்தில் உல்லாசத்தையும் மங்களத்தையும் எழுப்பும் ராகமாயிற்றே, அதே ஸ்வரங்கள் ஜப்பானில் எவ்வாறு சோகத்தைத் தரும் என்று வாசகர் கேட்கலாம். நம் சங்கீதத்தில் ஆதார சுருதி மாறாது. ஸ்வரங்கள்தான் அதன்மேல் நடமாடுகின்றன. பியானோவிலோ, வலக்கை மெட்டை வாசிக்கும்போதே இடக்கை அடியிலுள்ள ஸ்வரக்கூட்டத்தை மாற்றிக்கொண்டே போகிறது. வலக்கையில் ஒலிப்பது ஒரே ஸட்ஜமாயினும், அடியில் ஸட்ஜத்தைப் பற்றிய கூட்டம் நின்றால் அது திருப்தியாகவும், தைவதத்தைப் பற்றிய கூட்டம் வந்தால் அதுவே ஏக்கமாகவும் மாறிவிடுகிறது. ஜப்பானிய இசையமைப்பாளர்கள் மிகவும் விரும்பிக் கையாளும் அடுக்கொன்றை அந்நாட்டுச் சங்கீதக்காரர்கள் 'ராஜபாட்டை' என்றே அழைக்கிறார்கள். மத்யமக் கூட்டத்தில் தொடங்கி, பஞ்சமக் கூட்டத்துக்கு ஏறி, அடுத்தபடி ஸட்ஜத்தில் வந்து அமரும் என்று செவி எதிர்பார்த்திருக்கையில், காந்தாரக் கூட்டத்துக்குச் சரிந்து, தைவதக் கூட்டத்தில் போய் நிற்பது அதன் போக்கு. வெளியூரிலிருந்து திரும்பியவன் தன் வீட்டு வாசல்வரை வந்துவிட்டு, கதவைத் தட்டாமலே அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவது போன்ற அனுபவம் அது. மெட்டு எளிமையாகவும் புன்னகையோடும் மேலே செல்லுகிறது. அடியில் அமைதியோ தள்ளிக்கொண்டே போகிறது. இந்த முரணே நாம் தேடிய இடம்.

குரலிலிருந்து அமைப்புக்குச் சோகம் இடம் மாறியதை ஒரு குடும்பத்திலேயே காணலாம். 1970-ஐ ஒட்டி என்கா உலகில் பெரும்புகழ் பெற்ற ஃபூஜி கெய்கோ, கரகரத்த குரலின் அசைவிலேயே துக்கத்தைக் காட்டியவர். அவர் வயிற்றில் பிறந்த உதாதா ஹிகாரு, பதினாறு வயதில், 1999-இல் வெளியிட்ட 'ஃபர்ஸ்ட் லவ்' என்ற இசைத்தொகுப்பு ஜப்பானில் 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, அந்நாட்டின் விற்பனைச் சரித்திரத்தில் முதலிடம் பெற்றது. முதற்காதலின் பிரிவைச் சொல்லும் அதன் தலைப்புப் பாட்டைக் குரலில்லாமல் பியானோவில் வாசித்தாலும் துக்கம் குன்றுவதில்லை. தாயின் கலை குரலில் இருந்தது. குழந்தையின் கலை அமைப்புக்குள் சென்றுவிட்டது.

இத்தகைய பாட்டுக்களில் பலவற்றுக்கு மரணமே நிமித்தமாக இருந்திருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. பாடகி அராய் யூமி 1973-இல், பத்தொன்பது வயதில் வெளியிட்ட முதல் தொகுப்பின் தலைப்புப் பாட்டு, இளமையிலேயே இறந்துபோன ஒருவரை ஆகாயவிமானம் விட்டுச்சென்ற மேகக்கோட்டோடு சேர்த்து நினைப்பது. நாற்பது வருஷங்களுக்குப் பின் 2013-இல் ஹயாவோ மியாசாகி தம்முடைய படமொன்றில் அதை எடுத்தாண்டார். 'எக்ஸ்' என்ற ராக் குழுவின் யோஷிகி, மேடையில் பேரிகை முழக்கத்தால் பெயர் பெற்றவராயினும், பத்து வயதில் தந்தையை இழந்தவர். 1989-இல் வெளியான அவருடைய 'எண்ட்லெஸ் ரெயின்' பியானோவிலே பிறந்து பியானோவிலே நிற்கும் பாட்டு. பாடகர் கென்ஷி யொனேசு 2018-இல் வெளியிட்ட 'லெமன்' உருவாகிக்கொண்டிருந்த சமயத்தில் அவருடைய பாட்டனார் காலமானார். 2011-இல் பூகம்பமும் கடற்பேரலையும் வடகிழக்குப் பிரதேசத்தைச் சீரழித்த பின், அப்பிரதேசத்தின் மியாகி மாகாணத்தில் பிறந்த யோகோ கன்னோ, பூக்கள் மலர்வதைப் பற்றிய பாட்டொன்றுக்கு மெட்டமைத்தார். மாண்டவர்களுக்கான பாட்டாயிருந்தும் அதில் ஒப்பாரியின் சாயலே இல்லை.

பிரிவுக்கு மரணம் ஒன்றுதான் காரணமாக வேண்டுமா? 1991-இல் சைத்தாமா மாகாணத்துச் சிச்சிபு நகரத்துப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர், படிப்பு முடித்துச் செல்லும் மாணவருக்காகப் பாட்டொன்று எழுதிக் கொடுக்க, அப்பள்ளியின் சங்கீத ஆசிரியை மெட்டமைத்தார். ஆசிரியர்கள் ஒரு தடவை பாடி விடைகொடுப்பதற்கென்றே தோன்றிய அந்தப் பாட்டு, நாடெங்கும் பரவி, பியானோ துணையோடு எண்ணற்ற பள்ளிகளில் பாடப்பெறலாயிற்று. ஆகவே, ஜப்பானியர் பலருக்கு இளமையின் முடிவு என்பதே பியானோவின் ஒலியோடு பிணைந்திருக்கிறது.

வாசிக்க விரும்புவோர் ஒன்றை மறக்கலாகாது. இப்பாட்டுக்களை வாத்தியத்துக்கு மாற்றுகிறவர்களில் சிலர், இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் ஸ்வரங்களைக் கொட்டி நிரப்பிவிடுகிறார்கள்; கால்மிதியை அழுத்தியபடியே வைத்து ஒன்றோடொன்றைக் குழப்புகிறார்கள். தேய்ந்து மறைய ஸ்வரத்துக்கு அவகாசம் கொடுத்து, இடக்கை மாறும் கணத்தை மட்டும் தெளிவாகக் காட்டினால் போதும். குறையென்று முன்பு கூறிய அந்தத் தேய்வே இங்கே குணமாகிறது.

1999-இல் இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோவின் 'எனர்ஜி ஃப்ளோ' என்ற தனிப் பியானோ இசை, பாடகரும் சொல்லும் இல்லாமலே, ஜப்பானின் ஓரிகான் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. வாத்திய இசை அந்த ஸ்தானத்தை அடைந்தது அதுவே முதல் தடவை. அந்நாட்டு ஜனங்கள் பாட்டில் தேடியது வெறும் வார்த்தைகளை அல்ல என்பதற்கு இதைவிடச் சாக்ஷி வேண்டியதில்லை. ஆகவே, பாஷை தெரியாத தமிழ் ரசிகருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: இப்பாட்டுக்களை முதலில் பியானோவில் கேளுங்கள், பிறகு பாடியவரின் குரலில் கேளுங்கள், அர்த்தத்தைக் கடைசியில் விசாரியுங்கள். அந்த வரிசையில் கேட்டவருக்கு, அர்த்தம் பெரும்பாலும் முன்பே தெரிந்த செய்தியாகத்தான் இருக்கும்.